சிரிக்கிறவர்களின் தீ

மிருதுளாவின் பிறந்தநாள் தீ அணைந்தபோது நான் கன்ட்ரோல் ரூமில் மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த மிக்சர் இனித்தது.

கூடல்மலை தேசியப் பூங்காவில் பிப்ரவரியிலிருந்து மழை இறங்கும்வரை தீத்தடைக் காலம். காட்டுக்குள் பீடி பற்றவைக்கக் கூடாது. கூடாரத்துக்கு முன்னால் விறகு மூட்டக் கூடாது. ஆற்றோரம் சிமென்ட் போட்ட பார்பெக்யூ திடல்களில் மட்டும், அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் கரி போட்டுக் கோழி சுடலாம். அதுவும் ஊதுகுழல் சம்மதித்தால்தான்.

ஊதுகுழல் என்பது நாங்கள் வைத்த பெயர். பார்க்க வெறும் இரும்புக் கோபுரம். உச்சியில் கேமரா, மைக், தவில் அளவுக்கு ஒரு ஒலிபெருக்கி. எங்கே தீ எரிந்தாலும் பார்க்கும், கேட்கும், புகையை முகரும். ஆபத்து என்று முடிவு செய்தால் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி ஒன்றை அந்தத் தீயின் மேல் குறிவைத்து அனுப்பும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அடிவயிற்றில் ஒரு நடுக்கம் தெரியும், அவ்வளவுதான். கொழுந்து ஒருமுறை படுத்து எழும். மறுபடி படுக்கும். பிறகு எழாது. எங்கள் வீட்டு ஊதுகுழல் அடுப்பை எரியவைக்க, இது அணைக்க. பூங்காவில் எட்டு கோபுரங்கள் நின்றன.

எது ஆபத்தான தீ என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

இரண்டு கோடைக்காலம் நானும் மிருதுளாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பூங்காவில் எரிந்த ஒவ்வொரு தீயையும் திரையில் பார்த்து ‘விடு’ அல்லது ‘அணை’ என்று குறித்தோம். காற்று, சருகு, ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஆனால் பாதித் தீ விதிக்குள் அடங்காது. “அந்த மாதிரி இடத்துல உங்களுக்கு என்ன தோணுதோ அதைக் குறிங்கம்மா, மெஷின் அதைத்தான் கத்துக்கணும்” என்றார் ரேஞ்சர் ஐசக் சார். கடைசியில் என் குறிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நிஜமான காட்டுத்தீ ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. மிருதுளா இரண்டைக் கோட்டைவிட்டிருந்தாள். இருந்தது ஒரே ஒரு நிரந்தர வேலை. ஏப்ரல் கடைசியில் என் பெயருக்கு உத்தரவு வரும் என்று பேச்சு.

அப்படியானால் அவள்தானே என்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும்? அப்படி நடக்கவில்லை. மிருதுளா கோயம்புத்தூர்க்காரி. அப்பா வனத்துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்தால் அவளுக்கு அது எளிமை; எனக்கு அதுவே ஏழ்மை. அவள் தப்புச் செய்தால் “கத்துக்கிறாள்”. நான் செய்தால் “எஸ்டேட் லைன்லேர்ந்து வந்த பிள்ளைதானே”. வேலை போனால் அவள் வேறு வேலைக்குப் போவாள். எனக்குப் போனால் மூங்கில் கூடை பின்ன வேண்டும், அதுகூட எனக்குத் தெரியாது, பி.எஸ்ஸி. படித்துவிட்டேன்.

அவள் பிறந்தநாள் கூட்டம் மூன்றாம் திடலில் கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. ஊதுகுழல் அதை ஊதி அணைத்தது. கொஞ்ச நேரத்தில் அரைவேக்காட்டுக் கோழியோடு மிருதுளா வந்து நின்றாள்.

“பேச்சி, காத்தே இல்லையே. ஆத்து மணல் வேற ஈரமா கிடக்கு. ஏன் அணைச்சுது?”

“என்னைக் கேட்டா? டவரைக் கேளு.”

“டவர் நீதானே” என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

*

திடலில் தீ அணைந்தால் விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டு அடுத்த முறைக்கு இலவசச் சீட்டு கொடுப்போம். ஏழாம் லைனில் அணைந்தால் கணக்கில் எழுதுவோம். இதுதான் விதி.

ஏழாம் லைன் என்பது என் வீடு. தேயிலை எஸ்டேட் மூடி, குத்தகை முடிந்து, நிலம் பூங்காவோடு சேர்ந்தபோது அந்த லைன் வீடுகளில் இருந்தவர்கள் மட்டும் காட்டுக்கு நடுவில் மிஞ்சினார்கள். சிலிண்டர் லாரி அந்தப் பாதையில் ஏறாது. விறகடுப்புதான். அதற்கும் அனுமதி உண்டு, ஒரு நிபந்தனையோடு: ஒரு கோடையில் லைன் தீயை ஊதுகுழல் மூன்று முறை அணைத்தால் அது ‘தீ அபாயக் குடியிருப்பு’. எல்லோரையும் அடிவாரத்து அடுக்குமாடிக்கு இறக்கிவிடுவார்கள். இந்த விதியை எழுதியவர்கள் யாரும் அடுப்பு மூட்டியவர்கள் இல்லை.

அந்தக் கோடையில் மார்ச்சுக்குள் இரண்டு முறை அணைந்துவிட்டது. முதல்முறை காளிராஜுக்குப் பூங்காவில் வாட்சர் வேலை கிடைத்த அன்று. காளிராஜ் என் தங்கை சொர்ணத்தின் புருஷன். இரண்டாம் முறை, அவர்கள் குழந்தை எட்டு வைத்து நடந்த அன்று அம்மா பாயசம் வைத்தபோது.

அம்மா போன் செய்தாள். “ஏட்டி, நம்ம அடுப்பு உங்க டவருக்கு என்ன பண்ணிச்சு?”

“ஈர விறகு வச்சிருப்ப. புகையும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“காஞ்ச விறகுதாம்ட்டி.”

“அப்ப பெரிசா எரிச்சிருப்ப. படிச்சவ சொல்றேன், கேளேன்.”

அம்மா கேட்டாள். அதுதான் கொடுமை. அன்றிலிருந்து லைனில் எல்லோரும் சுள்ளியாய்ப் பொறுக்கி, குனிந்து, திருடர் போலச் சமைத்தார்கள்.

*

ஏப்ரல் முதல் வாரம் ஒருவன் மூங்கில் புதருக்குள் தனியாக உட்கார்ந்து போட்டோக்களை எரித்தான். காதல் தோல்வியாம். சுற்றிலும் முழங்காலளவு சருகு, காற்று வேறு. ஊதுகுழல் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது. விட்டுவிட்டது. அது விட்டதை நம்பி, கன்ட்ரோல் ரூமில் யாரும் கையால் அணைக்கும் பொத்தானைத் தொடவில்லை. வாட்சர்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அணைப்பதற்குள் ஒரு சரிவு கருகிப்போனது. காளிராஜின் கையில் கொப்புளம்.

மிருதுளா விடவில்லை. அன்று பகல் முழுவதும் கோபுரம் எடுத்த முடிவுகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

“இங்க வா. ஆபத்துன்னு முடிவு பண்ண டவர் எதையெல்லாம் பார்க்குதுன்னு எடுத்திருக்கேன். காத்து, சருகு எல்லாம் இருக்கு. ஆனா அதுக்கெல்லாம் மேல, முதல் இடத்துல, பேரில்லாத ஒண்ணு நிக்குது. ஏதோ ஒரு சத்தம்.”

“என்ன சத்தம்? விறகு வெடிக்கிறதா?”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். கேளு.”

ஹெட்போனைக் கொடுத்தாள். ஒரு கிழவர் சிரித்தார். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். யாரோ பாட்டை நடுவில் மறந்து சிரித்தார்கள். மிருதுளாவின் பிறந்தநாள் சிரிப்பு கேட்டது. அதற்கடுத்து எங்கள் லைன். என் அம்மா, சொர்ணம், குழந்தை.

“சிரிப்பு, பேச்சி. எவ்வளவு பேர் சிரிக்கிறாங்களோ, அவ்வளவு ஆபத்துன்னு டவர் நினைக்குது. யாராவது தனியா உம்முன்னு உட்கார்ந்து காட்டையே கொளுத்தினாலும் கண்டுக்காது.”

“மெஷின் ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்கு.”

“மெஷின் தானா எதையும் புரிஞ்சுக்காது.” அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னாள். “விதிக்குள்ள அடங்காத தீக்கெல்லாம் என்ன தோணுதோ அதைக் குறிச்சோம், இல்லையா? உனக்கு என்ன தோணிச்சு?”

எனக்கு என்ன தோன்றியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் டப்பாச் சோறு தின்றுகொண்டு திரையைப் பார்த்தேன். அங்கே குடும்பம் குடும்பமாக வந்தார்கள், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தட்டில் தின்றார்கள், யாரையும் பார்த்துப் பயப்படாத சிரிப்புச் சிரித்தார்கள். எரியட்டுமே என்று விட எனக்கு மனம் வரவில்லை. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ‘அணை’. சிரிக்காதவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், எரித்துக்கொள்ளட்டும் என்று ‘விடு’. ஊரில் இதற்குக் கொள்ளிக்கண் என்பார்கள், மிளகாய் சுற்றிப் போடுவார்கள். நான் என் கண்ணை எட்டு கோபுரத்தின் உச்சியில் மாட்டி வைத்திருந்தேன்.

“ஐசக் சார்கிட்ட சொல்லிடலாம்” என்றாள் மிருதுளா.

“சொன்னா என் குறியெல்லாம் குப்பைக்குப் போகும். வேலையும் போகும். உனக்கு வரும்.”

“நான் அதுக்காகச் சொல்லல.”

“உனக்கு எதுக்காகவும் வேண்டியிருக்காது மிருதுளா. அதான் பிரச்சனை. உத்தரவு கைக்கு வரட்டும். அப்புறம் நானே சொல்றேன். ரெண்டு வாரம் பொறு.”

“அதுக்குள்ள உங்க லைன்ல இன்னொரு தடவை அணைஞ்சா?”

“அணையாம நான் பார்த்துக்கறேன்.”

அவள் ஹெட்போனைச் சுருட்டி மேசையில் வைத்தாள். பிறகு, “உன் இஷ்டம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை சொர்ணத்தின் குழந்தைக்குக் காதுகுத்து. “நீ போ, உன் ஷிஃப்ட்டை நான் பார்த்துக்கறேன்” என்று அதையும் அவளே சொன்னாள். நல்லவர்களைக் கண்டால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

*

“சிரிக்கக் கூடாதா?” என்றாள் அம்மா. “காதுகுத்து வீட்டுலயா?”

“அடுப்பு எரியற வரைக்கும்மா. கறி வெந்து இறக்கினப்புறம் விடிய விடிய சிரிங்க. ஒருத்தர் வாயிலேர்ந்தும் சத்தம் வரக் கூடாது. இன்னொரு தடவை அணைஞ்சா அடுக்குமாடிதான்.”

“எக்கா, டவர் சிரிச்சாலே கோவிச்சுக்குமா?” சொர்ணம் கேட்டாள். “யாரு அதுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்த மூதேவி?”

நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

சொர்ணம் என்னைவிட நாலு வயது சின்னவள். ஒன்பதாவது வகுப்போடு நின்றாள். நான் விடுதியில் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட காலத்தில் அவள் காளிராஜோடு ஓடையில் மீன் பிடித்தாள். இப்போது அவளுக்குப் புருஷன், பிள்ளை, கன்னத்தில் குழி. என் சம்பளத்தில் வாங்கிய பட்டுப்பாவாடையை அவள் பிள்ளை கட்டியிருந்தது. ஊர் அவளைத்தான் “மகராசி” என்றது. என்னை “படிச்ச பிள்ளை” என்றது, ஏதோ நோயைச் சொல்வது மாதிரி.

முற்றத்தில் மூன்று கல் கூட்டி அண்டாவில் கறி ஏற்றினார்கள். சரிவுக்கு மேலே ஊதுகுழல் நின்றது. பெண்கள் வாயை இறுக்கிக்கொண்டு மசாலா அரைத்தார்கள். சிரிக்காதே என்றால்தானே சிரிப்பு வரும். மாடத்தி அத்தையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அடுத்தவளுக்கு மூக்கில் வந்தது.

“அத்தே, அடக்குங்க!” என்று கத்தினேன்.

“முடியலட்டி. ஒண்ணு சிரிக்கணும், இல்ல அழணும்.”

“அப்ப அழுங்க! அழுதா டவர் ஒண்ணும் பண்ணாது.”

அம்மா கரண்டியை ஓங்கினாள். “பச்சப்பிள்ளைக்குக் காது குத்துற வீட்டுல ஒப்பாரியா? வாயைக் கழுவு!”

மாடத்தி அத்தை யோசித்தாள். லைனில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையதுதான். “பிள்ளைக்கு எதுக்குட்டி வைக்கேன்? செத்தது ஆடுதானே? ஆட்டுக்கு வைக்கேன்” என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அண்டாவைப் பார்த்து எடுத்தாள்:

“மலையெல்லாம் மேஞ்சவரே, என் ராசாவே,
மசாலாவுல சாஞ்சீரே…
இஞ்சி தட்டையில என் ஈரக்குலை நடுங்குதே,
மல்லி அரைக்கையில என் மனசெல்லாம் பதறுதே…”

மற்ற பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தீ ஆடாமல் அசையாமல் எரிந்தது. குழம்பு கொதித்தது. நான் கோபுரத்தைப் பார்த்தேன். என் கண்ணை நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆசாரி வந்தார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

“நீங்க இருங்க மாமா” என்றாள் சொர்ணம். “எங்கக்கா மடியில உட்காரட்டும்.”

“பொம்பளை மடியிலயா?”

“எனக்கு அண்ணனும் அவதான், தம்பியும் அவதான். இத்தனை நாளா வீட்டுக்கு ரேஷன் வாங்கிப் போட்டது மாமனா, அவளா?”

மாமா விலகிக்கொண்டார். சொர்ணம் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். யாரோ என் கழுத்தில் மாலை போட்டார்கள். அம்மா என் கன்னத்தில் சந்தனம் பூசினாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை என் புதுச் சேலையில், சூடாக, நிதானமாக, ஒன்றுக்குப் போனது.

“மாமன் சீர் வந்திருச்சு!” என்றாள் மாடத்தி அத்தை, ஒப்பாரி ராகத்திலேயே.

நான் சிரித்துவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. கண்ணில் நீர் கொட்டச் சிரித்தேன். லைன் முழுக்க உறைந்துபோய் என்னைப் பார்த்தது.

அடிவயிற்றில் அந்த நடுக்கம். அண்டாவுக்கடியில் கொழுந்து படுத்தது, எழுந்தது, படுத்தது. போய்விட்டது.

அம்மா கோபுரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “நீதானட்டி சிரிச்ச” என்றாள். திட்டவில்லை. சும்மா சொன்னாள்.

*

சந்தனத்தைத் துடைக்காமல் சரிவில் இறங்கி ஓடினேன். ஐசக் சாரிடம் சொல்லிவிட வேண்டும். வேலை கிடக்கட்டும். லைன் போகக் கூடாது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்: ‘சார், அந்தக் கோபுரத்துக்குக் கற்றுக்கொடுத்த மூதேவி நான்தான்.’

கன்ட்ரோல் ரூமில் மிருதுளா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில் எங்கள் முற்றம். அதற்குக் கீழே அன்றைய பதிவு.

ஏழாம் லைன். கோபுரத்தின் முடிவு: விடு.
கையால் மாற்றியது: அணை.

நான் இரண்டு முறை வாசித்தேன். கோபுரம் விட்டிருந்தது. அது கற்றுக்கொண்டதெல்லாம் மற்றவர்களின் சிரிப்பு. என் சிரிப்பு அதற்கு அறிமுகமில்லாத சத்தம்.

“நீயா?”

அவள் திரும்பவில்லை. “வேலைக்காக இல்ல பேச்சி. சத்தியமா.”

“பின்ன எதுக்குடி?”

“ரெண்டு வருஷமா உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். ஒரு தடவைகூட நீ என்கிட்ட சிரிச்சதில்ல. அங்க…” திரையைக் காட்டினாள். “எத்தனை பேர் உன்னைத் தொடறாங்க. மாலை போடறாங்க. ஆட்டுக்கு அழறாங்க. எங்க வீட்ல அடுப்பே எரியாது. ஓட்டல்லேர்ந்து வரவழைச்சு ஆளுக்கொரு ரூம்ல சாப்பிடுவோம். என் பிறந்தநாளுக்கு வந்ததுல பாதிப் பேர் யாருன்னே எனக்குத் தெரியாது. நீ சிரிச்சே. என் விரல் பொத்தானுக்குப் போயிடுச்சு.”

அவளை அறைய வேண்டும் என்றுதான் கையை ஓங்கினேன். ஆனால் அந்த விரல் எனக்குத் தெரிந்த விரல். இரண்டு கோடைக்காலம் அதே பொத்தான்மேல் நான் வைத்திருந்த விரல்.

கையால் அணைத்தது கணக்கில் சேராது. இந்தப் பதிவை மட்டும் ஐசக் சாரிடம் காட்டினால் போதும். லைன் தப்பிக்கும். அவள் போவாள். எனக்கு உத்தரவு வரும். ஊதுகுழல்கள் என் கண்ணோடு அடுத்த கோடையிலும் நிற்கும், சிரிக்கிறவர்களை அணைக்கும், எவனாவது தனியாகக் காட்டைக் கொளுத்தினால் பரிதாபப்பட்டு விடும்.

“எந்திரி” என்றேன். “ரெண்டு பேரும் போறோம்.”

ஐசக் சார் இரண்டையும் கேட்டார். முதலில் நான் சொன்னதை, பிறகு அவள் சொன்னதை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“அப்ப நாம இத்தனை நாளா காட்டைக் காவல் காக்கல” என்றார். “உன் வயித்தெரிச்சலைக் காவல் காத்திருக்கோம்.”

“ஆமா சார்.”

“ரெண்டு பேருக்கும் வேலை உத்தரவு கிடையாது. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“மேலிடத்துல கேட்டா, மெஷினுக்குக் கோளாறுன்னு சொல்லவா, மனுஷங்களுக்கா?”



*

லைனின் கணக்கிலிருந்து இரண்டையும் அடித்தார்கள். மழை வரும்வரை கோபுரங்களின் வாயைக் கட்டிவிட்டார்கள். அவை பார்க்கலாம், ஊதக் கூடாது. பதிலுக்கு நாங்கள் தினக்கூலிக்குப் பச்சைக் கிளையோடு ஒவ்வொரு தீயாகப் போய்க் காவல் நின்றோம். புதிதாகக் குறிப்பதற்கு ஐசக் சார் ஒரு விதி போட்டார்: இனிமேல் யாரும் திரையைப் பார்த்துக் குறிக்கக் கூடாது. அந்தத் தீயின் பக்கத்தில் உட்கார வேண்டும். அதில் வெந்ததை ஒரு வாய் தின்ன வேண்டும். அதற்குப் பிறகுதான் ‘விடு’, ‘அணை’. மேலிடம் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் தீ எங்களுடைய அண்டாதான். அந்த ஞாயிற்றுக்கிழமையே, பொழுது சாயும் நேரத்தில் மறுபடி மூட்டினார்கள். மிருதுளா கையில் கிளையோடு ஓரமாக நின்றாள். நடந்ததை நான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, “தப்புப் பண்ணினவ தள்ளி நின்னா யாரு பாத்திரம் தேய்க்கிறது? உட்காரு” என்றாள்.

இலை போட்டார்கள். லைன் முழுக்கச் சிரித்தது, சேர்த்து வைத்த சிரிப்பையெல்லாம். தீ பாட்டுக்கு எரிந்தது. சொர்ணம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கறி பரிமாறி வந்தாள். எனக்கு எலும்பும் குழம்பும் வைத்தாள். பக்கத்து இலையில் மிருதுளாவுக்கு ஈரல் வைத்தாள். அத்தனை பெரிய ஈரல் துண்டு. நல்லி எலும்பு வேறு.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அக்கா, எளச்சுப் போயிருக்கீங்க” என்றாள் அவளிடம்.

அக்காவாம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. தலையைத் தூக்கிச் சரிவின் மேலே பார்த்தேன். ஊதுகுழல் என்னையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றது.

கையை நீட்டி மிருதுளாவின் இலையிலிருந்து ஈரலில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“விடு” என்று குறித்தேன்.